சக்கரம் பூண்ட வீடும் அதற்கென வகுத்த காடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடை விடுமுறை தொடங்கியதும், படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளடங்கிய வண்டியொன்றில் குடும்பத்தோடு புறப்பட்டு, தேசியப் பூங்காக்களையும் வழியிலுள்ள அருங்காட்சியகங்களையும் வாரக்கணக்கில் சுற்றி வருவது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வேரூன்றிய வழக்கமாகும். பொழுதுபோக்குப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட, தங்கி வாழத்தக்க இவ்வண்டி ‘ரிக்ரியேஷனல் வெஹிக்கிள்’ என்னும் பெயரின் முதலெழுத்துகளால் ‘ஆர்.வி.’ என்று வழங்குகிறது. இவ்வழக்கத்தின் வரலாற்றை வண்டிகளின் வரலாறாக மட்டும் எழுதிவிடுவோர் பலர். ஆனால், வண்டி எவ்வளவு வசதியுடையதாயினும் இரவில் நிற்பதற்கு அதற்கு நிலம் வேண்டும். அந்நிலத்துக்குப் பாதையும், தண்ணீரும், கழிவு போக வழியும், அங்கே காண்பதற்கு விளக்கமும் வேண்டும். வீட்டைவிட்டு விலகிக் காட்டை நாடிய குடும்பங்கள் தலைமுறைதோறும் வீட்டின் மேலும் ஒரு பகுதியை உடன் கொண்டுவந்தன என்பதும், அவ்வாறு வந்த வீடுகளை ஏற்கவும் அவற்றிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் காடு தெருவைப் போல வகுக்கப்பட்டது என்பதும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

ஆர்.வி. என்னும் ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கும். காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லப்படுவது ‘டிராவல் டிரெய்லர்’. பிக்கப் லாரியின் சரக்குத் தட்டில் பொருத்திய சுழல் கொண்டியின்மேல் தன் முன்கழுத்தை ஊன்றி வருவது ‘ஃபிஃப்த் வீல்’. துணிச் சுவர்களை மடித்துக்கொண்டு வந்து, நின்ற இடத்தில் விரித்துக்கொள்வது கூடார டிரெய்லர். எஞ்சினும் வீடும் ஒரே சட்டகத்தின்மேல் அமைந்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்தால் சமையலறைக்குள் நடந்துவிடலாம் என்னும்படி இருப்பது ‘மோட்டார் ஹோம்’. இவ்வினங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவையை ஒட்டித் தோன்றியவை.

குதிரை வண்டிக் காலம்

உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகக் கருதப்படும் எல்லோஸ்டோன், அதிபர் யுலிசஸ் கிராண்ட் 1872 மார்ச் 1 அன்று கையொப்பமிட்ட சட்டத்தால் உருவாயிற்று. அது ஆளற்ற நிலமாக இருக்கவில்லை. மலையாடுகளை வேட்டையாடி அங்கே வாழ்ந்துவந்த ஷோஷோனி மக்களின் ஒரு பிரிவினர் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டு, ஒதுக்கீட்டு நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். பின்னாளில் முகாமிட்ட குடும்பங்கள் மனிதக் கைபடாத இயற்கை என்று நம்பிப் போற்றிய வெளி, இவ்வாறு மனிதர்களை நீக்கியதால் கிடைத்த வெளியாகும்.

1883-இல் நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை எல்லோஸ்டோனின் வட எல்லையை நெருங்கிய பின்னர், அங்கு வந்தோர் இரு வகையினராகப் பிரிந்தனர். ரயிலில் வந்து இறங்கி, கட்டணக் குதிரை வண்டியில் ஏறி, விடுதிக்கு விடுதி தங்கிச் சென்ற வசதி படைத்தோரைப் பூங்காப் பணியாளர்கள் ‘டூட்’ என்று அழைத்தனர். பட்டணத்து மைனர் என்பதற்கு நெருங்கிய கேலிச் சொல் அது. சொந்தக் கூண்டு வண்டியில் மாவும் பன்றிக்கறியும் பாத்திரங்களும் ஏற்றிக்கொண்டு, சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து, புல்லும் நீரும் கண்ட இடத்தில் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சமைத்துண்ட உழவர் குடும்பத்தாருக்கு ‘சேஜ்பிரஷர்’ என்று பெயர்; வறண்ட நிலத்தில் மண்டும் சாம்பல்நிறப் புதர்ச்செடியின் பெயரால் அமைந்த சொல் இது. விடுதிகளும் வண்டி நிறுவனங்களும் இவர்களால் வருவாய் பெறவில்லை. ஆகவே இவர்களைப் பற்றிய குறிப்புகளும் குறைவு. எனினும் இன்றைய ஆர்.வி. குடும்பத்தின் நேர் முன்னோர் இவர்களே.

பூங்காவின் வாயிலில் கார்

மோட்டார் காரைப் பூங்காவுக்குள் விடுவதா என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடுமையாக விவாதிக்கப்பட்டது. யோசெமிட்டி 1907-இல் கார்களைத் தடைசெய்தது. மவுன்ட் ரெய்னியர் 1908-இல் கட்டணம் பெற்று அனுமதித்தது. வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜேம்ஸ் பிரைஸ், கார் நுழைந்தால் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் அமைதி குலைந்துவிடும் என்று 1912-இல் எச்சரித்தார். அடுத்த ஆண்டே யோசெமிட்டி தன் தடையை நீக்கியது. எல்லோஸ்டோன் 1915 ஆகஸ்ட் 1 அன்று வாயிலைத் திறந்தது. கண்டு மிரளும் குதிரைகளுக்கு வழிவிட்டு, குறித்த நேர அட்டவணைப்படியே கார்கள் செல்ல வேண்டும் என்று விதித்தது. இரண்டே ஆண்டுகளில் அங்கு கட்டணக் குதிரை வண்டிகள் மறைந்து, அவற்றின் இடத்தில் மோட்டார் பேருந்துகள் ஓடலாயின.

1916 ஆகஸ்ட் 25 அன்று நிறுவப்பட்ட தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மாதர், காரைப் பகையாகக் கருதவில்லை. பூங்காக்களுக்கான நிதியை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டுமானால், அவற்றைத் தமதென்று கருதும் வாக்காளர்கள் பெருக வேண்டும். ரயில் கட்டணமும் விடுதிச் செலவும் தாங்காத நடுத்தரக் குடும்பங்களைப் பூங்காவுக்குக் கொண்டுவரக் காரைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது அவருடைய கணக்கு. 1920-இல் மேற்கு மாநிலப் பூங்காக்களை இணைத்து, சுமார் 5,000 மைல் நீளமுள்ள ‘பூங்காவிலிருந்து பூங்காவுக்கு’ நெடுஞ்சாலை தொடங்கி வைக்கப்பட்டது. ஒரே பயணத்தில் பல பூங்காக்களைக் கோத்துப் பார்ப்பது என்னும் பழக்கத்துக்கு இச்சாலை வடிவம் தந்தது. 1908-இல் 850 டாலருக்கு அறிமுகமான ஃபோர்டு ‘மாடல் டி’ கார் 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியதும், மாதரின் கணக்கு அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பலித்தது.

கூடாரத்திலிருந்து திடலுக்கு

தங்கி வாழும் மோட்டார் வண்டி முதலில் செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே வந்தது. பியர்ஸ்-ஏரோ நிறுவனம் 1910-இல் காட்சிக்கு வைத்த ‘டூரிங் லாண்டோ’ என்னும் கார், படுக்கையாக விரியும் பின்னிருக்கையும், மடித்து இறக்கும் கைகழுவு தொட்டியும், ஓட்டுநரிடம் பேசத் தொலைபேசியும் கொண்டிருந்தது. பெரும்பாலான குடும்பங்களோ காரின் பக்கவாட்டில் கட்டிய கூடாரத்தையும், படிப்பலகையில் அடுக்கிய பெட்டிகளையும், மண்ணெண்ணெய் அடுப்பையும் கொண்டே பயணம் செய்தன. தொழிலதிபர்கள் ஹென்றி ஃபோர்டு, ஹார்வி ஃபயர்ஸ்டோன், கண்டுபிடிப்பாளர் தாமஸ் எடிசன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோர் ‘நாடோடிகள்’ என்று தம்மை அழைத்துக்கொண்டு 1910-களின் நடுவிலிருந்து 1924 வரை மேற்கொண்ட முகாம் பயணங்கள், 1921-இல் அதிபர் ஹார்டிங்கும் வந்து கலந்துகொள்ளும் அளவுக்குப் புகழ்பெற்று, செய்தித்தாள்களின் வழியே இப்பழக்கத்துக்குப் பெருமை சேர்த்தன; சமையற்காரர்களும் குளிர்பெட்டி பொருத்திய சமையல் வண்டியும் பின்தொடர்ந்த அப்பயணங்களை நாடோடி வாழ்க்கை என்பது அரிதெனினும், காரும் டயரும் விற்போருக்கு அவற்றைவிடச் சிறந்த விளம்பரம் கிடைத்திருக்காது.

சாலையோரத்து வயல்களிலும் பள்ளி முற்றங்களிலும் கேளாமல் கூடாரமடித்து, வேலிக் கட்டைகளை எரித்துச் சமைத்தவர்களால் நேர்ந்த தொல்லையைத் தவிர்க்கவும், அவர்கள் கைப்பணம் உள்ளூர்க் கடைகளில் செலவாகவும், நகராட்சிகள் இலவச முகாம் திடல்களை அமைக்கத் தொடங்கின. டென்வர் நகரின் ஓவர்லேண்ட் பூங்கா 160 ஏக்கரில் பரந்திருந்த பெருந்திடலாகும். 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் கூடியவர்கள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்னும் சங்கத்தை அமைத்தனர்; தகர டப்பா உணவை உண்டு பயணம் செய்வோர் என்பது பெயரின் பொருள், காரின் ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த டப்பா அவர்களது அடையாளம். இலவசத் திடல்களில் வேலை தேடி அலைந்த வறியோரும் நிலையாகத் தங்கத் தலைப்பட்டபோது, அவர்களை விலக்கும் பொருட்டு 1920-களின் நடுவில் நகராட்சிகள் கட்டணம் விதித்தன. கட்டணம் வந்ததும் தனியார் போட்டிக்கு வந்தனர். கூடாரத்துக்குப் பதில் சிற்றறைகளைக் கட்டினர். 1925 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ‘மோட்டெல்’ என்னும் சொல்லைத் தாங்கிய முதல் விடுதி திறக்கப்பட்டது. ஆகவே மோட்டெலும் ஆர்.வி. பூங்காவும் ஒரே நகராட்சித் திடலிலிருந்து கிளைத்தவை எனலாம்.

மைனெக்கே வகுத்த வளையம்

பூங்காக்களுக்குள் நிலைமை வேறு. அங்கு குடும்பங்கள் மரத்தடியில் விரும்பிய இடத்தில் காரை நிறுத்தின; எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆயினும் மரங்கள் வாடின. இதன் காரணத்தை விளக்கியவர் எமிலியோ மைனெக்கே. மரங்களுக்கு வரும் நோய்களை ஆராயும் அறிவியலாளரான இவர், கலிஃபோர்னியாவின் ராட்சத ரெட்வுட் மரங்களை 1920-களில் ஆராய்ந்து, ஆயிரக்கணக்கான காலடிகளாலும் சக்கரங்களாலும் மண் இறுகி, நீரும் காற்றும் மேல்மட்ட வேர்களை எட்டாமல் போவதே கேட்டின் மூலம் என்று கண்டறிந்தார். மனிதன் அடிவைத்த இடத்தை மட்டும் மிதிக்கிறான். காரோ திரும்பும்போதும் பின்வாங்கும்போதும் அகன்ற நிலத்தை நசுக்கி, எண்ணெயும் சிந்திவிட்டுப் போகிறது. ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது மனிதர்களையன்று, கார்களையே என்பது அவர் முடிவு.

1932-இல் வெளியிட்ட முகாம் திடல் கொள்கை பற்றிய சிற்றேட்டில் அவர் முன்வைத்த தீர்வு எளியது. திடலுக்குள் ஒருவழிப் பாதை வளையமாகச் சுற்றிவரும். அப்பாதையிலிருந்து சாய்கோணத்தில் சிறு கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளையும் ஒரு காருக்கு உரிய நிறுத்திடம். கிளையின் ஓரங்களில் பாதியளவு புதைத்த பாறைகளும் மரத்தண்டுகளும் காரை அதற்கு அப்பால் செல்லவிடா. மேசையும் அடுப்பும் பெயர்க்க முடியாதபடி நிலத்தில் பதிக்கப்படும். ஆகவே நடமாட்டமும் அவற்றைச் சுற்றியே அமையும். இரு குடும்பங்களுக்கிடையே இயற்கைப் புதர்கள் திரையாக விடப்படும். தண்டனையும் காவலும் இன்றி, பொருள்களை வைக்கும் முறையாலேயே மனித நடத்தையை ஒழுங்குபடுத்தும் நுட்பம் இது. இன்று அமெரிக்காவின் எந்த அரசு முகாம் திடலுக்குள் நுழைந்தாலும் எண்ணிட்ட கம்பமும், கிளைபோல் பிரியும் நிறுத்திடமும், அசையா மேசையும் கண்ணில் படுவதற்கு மைனெக்கேயே காரணம்.

இத்திட்டம் ஏட்டோடு நின்றுவிடாமல் செயலானதற்குப் பொருளாதாரப் பெருமந்தம் உதவியது. வேலையற்ற இளைஞர்களுக்குப் பணி தரும்பொருட்டு அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-இல் தொடங்கிய ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’ என்னும் இயற்கைப் பாதுகாப்புப் படையில் 1942-க்குள் சுமார் 30 லட்சம் பேர் பணிபுரிந்தனர். அவர்கள் அமைத்த திடல்கள் மைனெக்கேயின் வளையத்தைப் பின்பற்றின. ஆனால் வளையம் காருக்கென வகுக்கப்பட்டது. அதற்குள் டிரெய்லர் வந்தபோது, பின்பக்கமாகத் தள்ளி நிறுத்துவது பழகாதவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. பூங்காக் கட்டடங்கள் பற்றி ஆல்பர்ட் குட் தொகுத்து 1938-இல் வெளிவந்த நூல்தொகுதி டிரெய்லர்களுக்கேற்ற அமைப்புகளையும் ஆராய்கிறது. ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் ‘புல்-த்ரூ’ நிறுத்திடத்தின் தோற்றுவாய் இத்தகைய தேவையே.

காட்டுக்குள் அருங்காட்சியகம்

சொந்த வண்டியில் வந்த குடும்பத்துக்கு இன்னொரு குறை இருந்தது. விடுதி விருந்தினர்களுக்குக் குதிரை வண்டியோட்டியே வழிகாட்டியாகவும் கதைசொல்லியாகவும் இருந்தார். தாமே ஓட்டி வந்தோருக்குக் கண்டதை விளக்க எவருமில்லை. இக்குறையை நீக்க 1920-இல் யோசெமிட்டியில் ஹெரால்டு பிரையன்ட், லோய் மில்லர் ஆகிய இரு இயற்கையறிஞர்கள் இலவச வழிகாட்டு நடைகளையும் இரவில் தீமூட்டத்தைச் சுற்றி உரைகளையும் தொடங்கினர். லாரா ஸ்பெல்மன் ராக்கஃபெல்லர் நினைவு அறக்கட்டளையின் நிதியால் ஹெர்பர்ட் மையர் வடிவமைத்த யோசெமிட்டி அருங்காட்சியகம் 1926-இல் திறக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக எல்லோஸ்டோனில் 1928-க்கும் 1931-க்கும் இடையே, கல்லும் முழுமரமும் கொண்டு, வெந்நீர் ஊற்றுகளின் அருகிலும் ஏரிக்கரையிலும் வழியோர அருங்காட்சியகங்கள் எழுந்தன.

இவற்றின் பின்னிருந்த கருத்து, ஹெர்மன் பம்பஸ் என்னும் அருங்காட்சியக அறிஞருடையது. பூங்காவே அருங்காட்சியகம், கட்டடம் அதிலுள்ள பொருளுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டுமே என்று அவர் கொண்டார். ஆகவே இக்கூடங்களில் அரும்பொருள்களைக் குவிக்காமல், சாளரத்துக்கு வெளியே தெரியும் மலை எவ்வாறு உண்டாயிற்று, ஊற்று ஏன் பொங்குகிறது என்பவற்றை விளக்கும் படங்களும் மாதிரிகளும் வைக்கப்பட்டன. நகரத்து அருங்காட்சியகம் பொருளை அதன் பிறப்பிடத்திலிருந்து பெயர்த்துவந்து காட்டுகிறது. பூங்கா அருங்காட்சியகம் பார்ப்பவரைப் பொருளின் பிறப்பிடத்துக்கே அழைத்துவந்து, பின்னர் வெளியே அனுப்பிவிடுகிறது. முகாம் திடலுக்கு அருகே இது அமைந்ததால், காலையில் கூடத்தில் படித்ததை நண்பகலில் நேரில் கண்டு, இரவில் தீமூட்டத்தருகே மீண்டும் கேட்டறியும் ஒரு நாளொழுங்கு உருவாயிற்று. பிள்ளைகள் பயிற்சித்தாளை நிரப்பி, உறுதிமொழி கூறிச் சின்னம் பெறும் ‘ஜூனியர் ரேஞ்சர்’ திட்டமும், பூங்காதோறும் முத்திரை பதித்துக்கொள்ள 1986-இல் வந்த கடவுச்சீட்டு வடிவிலான கையேடும் அந்நாளொழுங்கின் பிற்காலக் கிளைகள்.

டிரெய்லர் பெருகிய பத்தாண்டு

வண்டியின் வரலாற்றில் 1930-கள் திருப்புமுனை. டிட்ராய்ட் நகரைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஆர்தர் ஷெர்மன், குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றபோது கூடார டிரெய்லரை விரிப்பதற்குள் மழையில் நனைந்துபோனார். அதனால் கெட்டிச் சுவரும் கூரையும் உடைய டிரெய்லரைத் தாமே செய்வித்தார். மேற்கு நோக்கிக் குடியேறிய முன்னோர்களின் கூண்டு வண்டியை நினைவூட்டும் ‘கவர்டு வேகன்’ என்ற பெயரில் 1930-இல் டிட்ராய்ட் கார் கண்காட்சியில் அதனை வைத்தார்; 1936-இல் அவர் நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் உற்பத்தியாளராக உயர்ந்திருந்தது. அதே 1936-இல் வாலி பையம் தம் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ டிரெய்லரை வெளியிட்டார். விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளை ஆணியறைந்து இணைத்து, காற்றைக் கிழித்துச் செல்லும் உருளை வடிவில் அமைந்த இதன் விலை 1,200 டாலர். இண்டியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் டிரெய்லர் பட்டறைகள் பெருகத் தொடங்கியதும் இப்பத்தாண்டில்தான். இன்றும் அமெரிக்க ஆர்.வி.களின் பெரும்பகுதி அந்நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலுமே செய்யப்படுகிறது.

இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் டிரெய்லர்களில் வாழ்வர் என்று பொருளியல் கணிப்பாளர் ரோஜர் பாப்சன் அந்நாளில் கூறினார். அது பலிக்கவில்லையாயினும், விடுமுறை வண்டியா, ஏழைகளின் குடியிருப்பா என்னும் குழப்பம் டிரெய்லரை நெடுநாள் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுத ஆலைத் தொழிலாளர்கள் டிரெய்லர்களில் குடியமர்த்தப்பட்டனர். போருக்குப் பின்னர் வீட்டுப் பஞ்சத்தால் பலர் அவற்றிலேயே தங்கினர். 1950-களின் நடுவில் 10 அடி அகலமுள்ள டிரெய்லர்கள் வந்தபோது குழப்பம் தீர்ந்தது. சாதாரணக் காரால் இழுக்கவொண்ணாத அவை ஓரிடத்தில் நிலைபெற்று ‘மொபைல் ஹோம்’ எனும் வீட்டினமாயின. சிறியவை பயண இனமாயின. ‘பொழுதுபோக்கு’ என்னும் அடைமொழி ஆர்.வி.யின் பெயரில் அழுத்தம் பெற்றதற்கு இப்பிரிவினையே காரணம்.

வழி மறுக்கப்பட்டவர்கள்

மாதர் எண்ணிய பொதுச் சொத்து எல்லோருக்கும் ஒரே வகையில் திறந்திருக்கவில்லை. கறுப்பினக் குடும்பங்களுக்குச் சாலையோரத்தில் உணவும் எரிபொருளும் படுக்கையும் மறுக்கப்படலாம் என்ற நிலையில், அவர்களை ஏற்கும் இடங்களைத் தொகுத்து விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் ‘பச்சைப் புத்தகம்’ எனப்படும் வழிகாட்டியை வெளியிட்டார். விர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் மாநில வழக்கத்தைப் பின்பற்றி, கறுப்பினத்தவருக்கென்று லூயிஸ் மவுன்டன் என்னும் தனிப்பகுதி 1939-இல் திறக்கப்பட்டது. உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கிஸ் இப்பாகுபாட்டைத் தளர்த்த முற்பட்டார், ஆயினும் 1950-ஐ ஒட்டியே அது முழுமையாக நீங்கியது. திடல்களைக் கட்டிய பாதுகாப்புப் படையிலும் கறுப்பின இளைஞர்களுக்குப் பெரும்பாலும் தனி முகாம்களே இருந்தன. உணவு, படுக்கை, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட வண்டி வெள்ளையருக்கு வசதி. அவ்வசதியைப் பிறரிடம் கேட்டுப் பெற முடியாதவர்களுக்கோ காப்பு.

நெடுஞ்சாலையும் மோட்டார் ஹோமும்

போருக்குப் பின்னர் பூங்காக்கள் பழைய ஏற்பாடுகளோடு புதிய கூட்டத்தைத் தாங்க முடியாமல் திணறின. நிதி தராவிட்டால் அவற்றை மூடிவிடலாம் என்று எழுத்தாளர் பெர்னார்டு டிவோட்டோ 1953-இல் ஒரு கட்டுரையில் சாடினார். பூங்காச் சேவையின் அப்போதைய இயக்குநர் கான்ராட் விர்த், அதன் 50-ஆம் ஆண்டான 1966-ஐ இலக்காகக் கொண்டு, ‘மிஷன் 66’ என்னும் பத்தாண்டுத் திட்டத்தை 1956-இல் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டம், 41,000 மைல் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. மிஷன் 66 சாலைகளை அகலப்படுத்தியது, முகாமிடங்களைப் பெருக்கியது, ‘விசிட்டர் சென்டர்’ எனப்படும் பார்வையாளர் மையங்களை நூற்றுக்கு மேல் கட்டியது. வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, தகவல் மேசை, காட்சிக்கூடம், திரைப்பட அரங்கு ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் கொணர்ந்த இம்மையம், பழைய வழியோர அருங்காட்சியகத்தைப் பெருங்கூட்டத்துக்கேற்ப விரித்ததாகும். டைனோசர் தேசிய நினைவிடத்தில் 1958-இல் திறக்கப்பட்ட மையம், புதைபடிவ எலும்புகள் பதிந்த பாறைமுகத்தையே தன் சுவராகக் கொண்டு, பம்பஸின் கருத்தைக் கண்ணாடியிலும் எஃகிலும் நிறைவேற்றியது.

இதே ஆண்டுகளில் மோட்டார் ஹோம் பிறந்தது. மிச்சிகனைச் சேர்ந்த ரே ஃபிராங்க் தம் குடும்பத்துக்காக 1958-இல் ஒன்றைச் செய்து, பின்னர் விற்பனைக்கும் கொண்டுவந்தார். அப்பெயரை வழக்கில் நிலைநிறுத்தியவரும் அவரே. அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் ஜான் ஹான்சன் நடத்திய வின்னபேகோ நிறுவனம், 1966 முதல் தொடர் உற்பத்தி முறையில் போட்டியாளர்களின் விலையில் ஏறத்தாழப் பாதிக்கு மோட்டார் ஹோம்களைச் செய்து விற்றதால், அமெரிக்கப் பேச்சு வழக்கில் அந்நிறுவனப் பெயரே வண்டியினத்தின் பெயர்போல ஆயிற்று. அது ஒரு பூர்வகுடி மக்களைப் பிறர் அழைத்த பெயர். நிலமிழந்தோரின் பெயர் நிலங்காணச் செல்லும் வண்டியின்மேல் ஒட்டிக்கொண்டது.

வண்டிக்குள் குழாயும் விளக்கும் வந்தபின், நிறுத்திடத்திலும் அவற்றுக்கு இணைப்பு வேண்டியதாயிற்று. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்றின் இணைப்புகளுக்கு ‘ஹூக்கப்’ என்று பெயர். கைகழுவிய நீர் ‘சாம்பல் நீர்’ என்றும் கழிப்பறை நீர் ‘கருநீர்’ என்றும் வண்டியின் அடியில் தனித்தனித் தொட்டிகளில் சேரும். இணைப்பு இல்லாத இடங்களில் தங்கியோர் புறப்படும்போது அதற்கென அமைந்த கழிவிறக்கும் நிலையத்தில் இவற்றைத் திறந்துவிட வேண்டும். பூங்காச் சேவையின் திடல்களில் பெரும்பாலானவை இவ்விணைப்புகளைத் தருவதில்லை. அக்குறையைத் தனியார் பயன்படுத்திக்கொண்டனர். சியாட்டில் உலகக் கண்காட்சிக்குச் சென்ற குடும்பங்கள் மான்டானா வழியே கடந்ததைக் கண்ட டேவ் டிரம் என்பவர், 1962-இல் பில்லிங்ஸ் நகரத்து எல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் வெந்நீர்க் குளியலும் சிறுகடையும் கொண்ட திடலை இரவுக்கு 1.75 டாலர் கட்டணத்தில் திறந்தார், அதுவே ‘கே.ஓ.ஏ.’ என்னும் நாடு தழுவிய முகாம் திடல் தொடரின் தொடக்கம். ஆகவே பல பூங்காக்களில் வீடு வாயிலுக்கு வெளியே தங்க, காட்சி உள்ளே இருக்க, குடும்பம் இரண்டுக்கும் இடையே போய்வந்தது.

எல்லைகள்

1966-இல் 8 கோடி வருகைகள் இருக்கும் என்று மிஷன் 66 கணக்கிட்டது. உண்மையில் நிகழ்ந்தவை அதைவிட மிகுதி. 2016-இல் தேசியப் பூங்காச் சேவையின் இடங்களுக்கு வந்த வருகைகள் சுமார் 33 கோடி. 1973-இன் எண்ணெய் நெருக்கடி ஆர்.வி. தொழிலைக் கடுமையாக உலுக்கியபோதிலும் அது மீண்டெழுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் விடுதிகளையும் விமானங்களையும் தவிர்த்த குடும்பங்களால் 2021-இல் ஆலைகளிலிருந்து அனுப்பப்பட்ட வண்டிகள் 6 லட்சத்தைத் தாண்டி, முன்னெப்போதும் இல்லாத அளவை எட்டின.

அந்நிலையில் வண்டியே அருங்காட்சியகப் பொருளாகவும் ஆகிவிட்டது. எல்கார்ட் நகரத்து ஆர்.வி. அருங்காட்சியகத்தில் 1913-ஆம் ஆண்டு டிரெய்லர் ஒன்று நிற்கிறது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் நாட்டைச் சுற்றிய ‘ரோசினான்டே’ என்னும் லாரி வீடு, கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில் அவர் பெயரிலான மையத்தில் உள்ளது. ‘நாடோடிகளின்’ பயணங்களில் சென்ற முகாம் லாரி, ஹென்றி ஃபோர்டு 1929-இல் டியர்பர்னில் நிறுவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் நோய்த் தடுப்புக்காகத் தனித்திருந்த கூடு ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை மாற்றியமைத்ததே; அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விண்வெளிக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அருங்காட்சியகம் காணச் செல்லும் குடும்பம், தான் வந்த வண்டியின் முன்னோரை அங்கே காண்கிறது.

வண்டி வளர்ந்த அளவுக்குக் காடு வளரவில்லை. கிளேசியர் பூங்காவில் 1933-இல் திறக்கப்பட்ட ‘கோயிங்-டு-த-சன்’ மலைச்சாலையின் செங்குத்தான பகுதியில் 21 அடி நீளத்துக்கும் 8 அடி அகலத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு இடமில்லை. சாயன் பூங்காவில் 1930-இல் குடைந்த சுரங்கப்பாதையில் உயர்ந்த ஆர்.வி. ஒன்று நடுவில் செல்ல, எதிர்ப்பக்கத்துப் போக்குவரத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. திடலிலோ கிரிஸ்லி கரடிகளின் நடமாட்டம் கருதி, சேஜ்பிரஷர்கள் கொண்டுவந்த துணிக்கூடாரத்துக்கு இடமில்லை. கெட்டிச் சுவருடைய வண்டிகள் மட்டுமே அங்கு தங்கலாம்.

சாயன் பூங்கா 2000-ஆம் ஆண்டில் ஒரு முடிவுக்கு வந்தது. நெரிசல் மிகுந்த பருவத்தில் அதன் முதன்மைப் பள்ளத்தாக்கின் காட்சிச் சாலையில் தனியார் வண்டிகளை நிறுத்தி, அனைவருக்கும் பொதுவான பேருந்துகளை ஓடவிட்டது. படுக்கையையும் அடுப்பையும் ஆயிரம் மைல் இழுத்துவந்த குடும்பம், அவற்றை மைனெக்கேயின் வளையத்திலேயே பூட்டிவிட்டு, தண்ணீர்ப் புட்டியும் கட்டுச்சோறும் மட்டும் கையில் கொண்டு, முன்பின் அறியாதவர்கள் அருகில் அமர்ந்து, ஒலிபெருக்கியில் வரும் விளக்கத்தைக் கேட்டபடி பள்ளத்தாக்குக்குள் செல்கிறது. 1917-இல் எல்லோஸ்டோனிலிருந்து மறைந்த டூட்களின் குதிரை வண்டியில் நிகழ்ந்ததும் இதுவே. வேறுபாடு, கடைசிக் காத தூரத்தில் இன்று டூட்டும் சேஜ்பிரஷரும் ஒரே வண்டியில் ஏறுகின்றனர் என்பதுதான்.